வாலில் ஒரு வெள்ளைப் புள்ளி

கண்ணா,

தொட்டியில் நீந்தும் மரியின் வாலில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. கன்னத்தில் இல்லை, வாலில். கன்னத்தில் வருவது என்னவென்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வருடா வருடம் குளிர் குறையும்போது அவனுக்கு வரும். நீயும் வருடா வருடம், "மா, அந்தப் பச்ச மருந்த எங்க ஒளிச்சு வெச்சிருக்க, இப்பவே குடுத்துடு" என்று கையை நீட்டுவாய். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். இது அது இல்லை. வாலின் மேல் மடலில், ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு ரவை அளவு. மத்தியானம் தீனி போடும்போது கண்ணில் பட்டது. துணி உலர்த்தப் போய்த் திரும்பி வந்து பார்த்தேன். குக்கரை இறக்கிவிட்டு வந்து பார்த்தேன். இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் சிநேகிதன் இம்ரான் பிரேசர் டவுனிலிருந்து மாமாவின் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறான். மரியை அவன் வீட்டுப் பெரிய தொட்டியில், அவன் ஆசையாக வளர்க்கும் மீன்களோடு விடுவதாகப் பேச்சு. அன்று ராத்திரியே நீ புனேவில் போய்த் தங்க ரயில் ஏறுகிறாய். இந்தப் புள்ளி நான் பயப்படுகிற வியாதியாக இருந்தால், அந்தப் பையனின் தொட்டி முழுக்கப் பரவும். வியாதி இல்லை என்றால், மரியை அனுப்ப மனசில்லாமல் அம்மா கதை கட்டுகிறாள் என்று நீ நினைப்பாய். நினைத்தால் அதில் தப்பில்லை. மரி இங்கேயே இருக்கட்டுமே என்று போன வாரம் உன்னிடம் கேட்டவள்தானே நான். "எதுக்கு, உனக்கு வைத்தியம் பண்ண ஆள் வேணுமா?" என்று சிரித்தாய். பக்கத்தில் இருந்த இம்ரானுக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. "டென்ஷன் நக்கோ ஆண்ட்டி, கவலப்படாதீங்க, நான் தெனம் போட்டோ அனுப்பறேன்" என்றான். நல்ல பையன். நீ கேலியாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று முழுக்க அது மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

இதை வாயால் சொன்னால் முதல் வார்த்தையிலேயே "ஆரம்பிச்சிட்டியா" என்பாய். எழுதினால் கடைசிவரை படிப்பாய். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட எழுத்து எழுத்தாகப் படிக்கிற பிள்ளை நீ. உன் சிநேகிதர்கள் உனக்கு விருந்து வைக்கிறார்கள், வர நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அப்பா ஷிஃப்டில் இருக்கிறார். எப்போதோ எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. புள்ளி வந்த பிறகுதான் எழுத வருகிறது எனக்கு.

என் அப்பாவை உனக்குப் படத்தில்தான் தெரியும். கே.ஜி.எஃப்.பில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே இருமிக்கொண்டிருந்தார். "என்னப்பா இது?" என்றால், "தூசிம்மா" என்பார். எங்கள் லைனில் எல்லா வீட்டு அப்பாக்களும் இருமினார்கள். எல்லா வீட்டிலும் அதற்குத் தூசி என்றுதான் பெயர். எல்லாருக்கும் இருப்பதை யாரும் வியாதி என்று எண்ணுவதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. இத்தனை வருடம் ஏன் பார்க்கவில்லை என்று டாக்டர் கேட்டார். அதன் பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி, நீ பிறந்து, பெங்களூர் ஓரத்தில் ஹெப்பகோடியில் இந்த இரண்டாவது மாடிக்கு வந்தோம். எனக்கு வயது இருபத்தொன்று. உன்னைத் தூக்கிக்கொண்டு போனால் "தம்பியா?" என்று கேட்பார்கள். கையில் ஒரு விலங்கியல் பட்டம், இடுப்பில் ஒரு குழந்தை, கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. நீ ஒரு முறை தும்மினால் தெர்மாமீட்டரை எடுப்பேன். தூசி என்று சொல்லி விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

உன் தொண்டை உடைந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு வாக்கியத்திலேயே மேலும் கீழுமாகக் குரல் போய் வந்தது. மிளகு, மஞ்சள், பனங்கற்கண்டு எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு உன்னை டாக்டரிடம் இழுத்துப் போனேன். உன்னை வாயைத் திறக்கக்கூட அவர் சொல்லவில்லை. "பையனுக்கு மீசை வரப்போகுதும்மா, அதுக்கு நான் என்ன மருந்து எழுதறது?" என்று சிரித்தார். வெளியில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். பஸ்ஸில் வரும்போது நீ என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டாய். அதிலிருந்து நான் ஏதாவது கற்றிருக்க வேண்டும். இல்லை. அதே குளிர் முடிகிற பருவத்தில்தான் கெம்பன் விவகாரம்.

கெம்பு என்றால் கன்னடத்தில் சிவப்பு என்று பள்ளியில் படித்துவிட்டு வந்து நீயே வைத்த பெயர் அது. செருப்பு அலமாரிமேல் வைத்த சின்னத் தொட்டியில் கெம்பன், குண்டு என்று இரண்டு தங்கமீன்கள். ஒருநாள் கெம்பனின் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தேன். பக்கத்துடுப்பின் முன் ஓரத்திலும் வரிசையாக இருந்தன. எனக்குப் பயம் பாதி, பெருமை பாதி. ஏனென்றால் எனக்கு இது தெரியும். வெள்ளைப்புள்ளி நோய். கல்லூரியில் ரெக்கார்டு நோட்டில் அந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைப் பென்சிலால் வரைந்திருக்கிறேன். மீனின் தோலுக்கடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கும். பிறகு உதிர்ந்து அடியில் விழும். அங்கே கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்காகப் பிளக்கும். பிளந்தவை நீந்திப் போய் வேறு மீனைத் தேடும். அம்பு போட்டு, வட்டம் போட்டு, மேடத்திடம் "குட்" வாங்கிய படம். வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்பு வீட்டுக்கு உபயோகப்படப் போகிறது என்று நினைத்தேன்.

நீ சொன்னாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "மா, கன்னத்துல மட்டும்தான் இருக்கு. ஒடம்புல ஒண்ணுகூட இல்ல. நல்லா சாப்பிடறான் மா, குண்டுவ விடாம தொரத்தறான் பாரு."

"தொரத்தலடா, அரிப்பு தாங்காம ஓடறான்."

"அரிச்சா கல்லுல போய் ஒரசுவான்ல? இவன் ஒரசவே இல்லயே."

"நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

உடைந்த குரலில் ஏதோ சொல்ல வந்து, குரல் ஏறி இறங்கியதில் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாய். நான் கெம்பனைப் பிடித்துத் துணி வாளியில் விட்டேன். உப்புப் போட்டேன். கடையில் வாங்கி வந்த பச்சை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சூடு இருந்தால் ஒட்டுண்ணி சீக்கிரம் உதிரும் என்று படித்திருந்ததால் ஹீட்டரும் வைத்தேன். தண்ணீர் சூடானால் அதில் காற்றுக் குறையும், மருந்து போட்டால் இன்னும் மூச்சு முட்டும், காற்றுக் குழாய் ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பென்சில் படத்தில் இல்லை. புள்ளி மறையவில்லை. மறையவில்லை என்றதும் மருந்து போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்னும் போட்டேன். கெம்பன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினான். நீ வாளிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "மா, போதும் மா" என்றாய். மருந்து வேலை செய்கிறது என்றேன் நான். செத்த பிறகும் அவன் கன்னத்தில் புள்ளிகள் அப்படியே இருந்தன, ஒன்றும் உதிரவில்லை. செம்பருத்தித் தொட்டியில் நீதான் புதைத்தாய். என்னை மண் தள்ள விடவில்லை.

சில நாள் கழித்துத் தண்ணீர் மாற்றப் போன நீ என்னைக் கூப்பிட்டாய். கண்ணாடியின் உள்பக்கத்தில் கண்ணிமை மயிர்கள் ஒட்டியிருப்பதுபோல் ஏதோ இருந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு கறுப்புப் பொட்டு. ஐயோ, புழு என்று வலையை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்த வயதிலேயே உன் பிடி அழுத்தமாக இருந்தது. போனில் ஒரு படத்தைக் காட்டினாய். அதில் ஒரு தங்கமீன், கன்னத்தில் அதே புள்ளிகள், துடுப்பு ஓரத்தில் அதே வரிசை. இனம் பெருக்கும் காலத்தில் ஆண் மீனுக்கு வருவது. பருவம் முடிந்தால் தானாகப் போய்விடும். கெம்பனை வாளிக்கு மாற்றிய அன்று காலையிலேயே தொட்டிக்குள் செடியில் கண்ணாடி மணிகள்போல் முட்டைகள் ஒட்டியிருந்ததை நானும் பார்த்தேன். அழுக்கு என்று நினைத்தேன். "கெம்பனுக்கு வியாதியே இல்ல மா," என்றாய். "அவன் அப்பா ஆயிட்டான்."

நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். நீ கத்தவில்லை. "இனிமே என் தொட்டிய நீ தொடாத," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, குஞ்சுகளை டம்ளரால் மொண்டு தனியாக விட ஆரம்பித்தாய். அதில் பிழைத்தது ஒன்றே ஒன்று. கீழ்வீட்டு சரோஜம்மா வந்து பார்த்து, "அய்யோ, மரி!" என்று கொஞ்சினாள். குட்டிக்குக் கன்னடத்தில் மரி. அந்தப் பெயரே நின்றுவிட்டது. இத்தனை வருடம் ஆகி என் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்த பிறகும் அவன் மரிதான்.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எளிது. அம்மா அவசரப்பட்டாள், பட்டுத் தெரிந்துகொண்டாள், இனி கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள் என்று எழுதி முடித்திருப்பேன். கையைக் கட்டிக்கொண்டும் இருந்தேன், கண்ணா. அதுதான் இதைவிடப் பெரிய தப்பு.

நீ காலேஜில் இரண்டாவது பி.யூ. படித்தபோது புது மீன்கள் வாங்கி வந்தாய். எப்போதும் புதிதாக வருவதை வாரக்கணக்கில் தனி டப்பில் வைத்துப் பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு விடுவாய்; இம்ரானுக்கே நீதான் அதைச் சொல்லிக்கொடுத்தாய். அன்று பையைக் கிழித்து நேராகத் தொட்டியில் கொட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாய். நான் பார்த்தேன். சில நாளில் குண்டு கல்லில் போய் உரசினாள். துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நின்றாள். வாலில், முதுகில், கண்ணுக்கு மேலே, உப்பைத் தூவியதுபோல் வெள்ளை. இந்தத் தடவை ஒழுங்கு வரிசை கிடையாது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நான் பென்சிலால் வரைந்த வியாதி இதுதான். நான் பார்த்தேன். உன் டிபன் பாக்ஸ் மூடி திறக்காமல் திரும்பி வருவதையும் பார்த்தேன். தினமும் தரையில் உட்கார்ந்து தொட்டியைப் பார்க்கிறவன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். வகுப்பு நேரத்தில் மெஜஸ்டிக் போகும் பஸ்ஸில் உன்னைப் பார்த்ததாக சரோஜம்மா சொன்னபோது, "ட்யூஷனா இருக்கும்" என்று நானே பதில் சொல்லி அனுப்பினேன். தொடாதே என்றாயே. என் கை பட்டால் கெட்டுப்போகும். சும்மா இருப்பதுதான் நல்ல அம்மாவுக்கு அழகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூசி என்று சொன்னவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

கல்லூரியிலிருந்து போன் வந்த அன்றுதான், புது மீன்களைத் தொடர்ந்து குண்டுவும் போனாள். வாரக்கணக்காக நீ வகுப்புக்கே போகவில்லை என்றார்கள். அப்பா சத்தம் போட்டுவிட்டு வேலைக்குப் போன பிறகு, நீ செத்த மீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாய்.

"இத நீ பாக்கலயா?"

"பாத்தேன்."

"எப்போ?"

"முன்னாடியே."

"அப்புறம் ஏன் மா சொல்லல?"

"நீதானடா தொடாதன்ன."

"தொடாதன்னேன். சொல்லாதன்னா சொன்னேன்?" என்று கேட்டு, இத்தனை வருடம் அழாத அழுகையை அன்று அழுதாய். குண்டுவைப் பற்றி மட்டும் நீ கேட்கவில்லை என்று அப்போதே தெரிந்தது. அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்: பார்த்தேன், பயந்தேன், உன்னைப் பார்த்து அல்ல, இன்னொரு தடவை தப்பாகிவிடுமோ என்று. என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன், உன்னை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து மரிக்குச் செய்த வைத்தியம் ஒன்றுதான் எனக்கு இந்த விஷயத்தில் இருக்கும் நல்ல ஞாபகம். மருந்தை உறிஞ்சிவிடும் என்று ஃபில்டரிலிருந்து கரியை நீ எடுத்தாய். காற்றுக் குழாயை இரட்டையாகப் போட்டாய். சூட்டை அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாய். தினமும் குழாயால் அடிக்கல்லைத் துழாவி அழுக்கை இழுத்தோம், உதிர்ந்து கிடப்பவை பிளக்கும் முன்னால் வெளியேற்ற. மரியின் உடம்பு சுத்தமானதும் நான் சந்தோஷத்தில் மருந்து பாட்டிலை மூடப் போனேன். "புள்ளி போச்சுன்னா வியாதி போச்சுன்னு இல்ல மா, இப்பதான் அது கீழ கெடக்கும். நீதான படம் போட்டுக் காட்டின?" என்றாய். தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது, நீந்தி வெளியே வரும்போதுதான் பிடிக்கும். அதுவரை விடாமல் செய்ய வேண்டும். அப்படி வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்த நாட்களில்தான், என் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தபடி, காலேஜ் கேட் வரைக்கும் போவேன், கால் உள்ளே போகாது, அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன் என்று சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காதது அன்று சரியா தப்பா, இன்னும் எனக்குத் தெரியாது. நீ ஒரு வருடம் தள்ளி எழுதித் தேறினாய். அந்த 'ஏன்' அடியில் எங்காவது கிடக்கிறதா என்பதும் எனக்குத் தெரியாது.

புனேவில் உன்னோடு அறையில் தங்கப் போகிறவன் ஒருநாள் சாப்பாட்டை ஒதுக்கினால், மாத்திரை வாங்க ஓடாதே. அவன் பாடு என்றும் இருந்துவிடாதே. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார். என்ன பார்த்தாயோ அதைச் சொல், அதற்கு நீயே பெயர் வைக்காதே. நீயும் அப்படி ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்க நேர்ந்தால், எனக்குப் போன் செய். ஒன்றும் சொல்ல வேண்டாம். "மா, சும்மாதான்" என்றால் போதும். நான் காய்ச்சலா என்று கேட்க மாட்டேன். கேட்டுவிட்டால், கேட்டுவிட்டாய் என்று என்னிடம் சொல், நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது மரி. மருந்து போடவில்லை. தண்ணீரில் கை வைக்கவில்லை. இம்ரானுக்கும் சொல்லவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும், சொல்லத் தேவை இருந்தால். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். புள்ளி ஒன்றுதான், வாலில். சாயங்காலம் தீனிக்கு வந்தான், ஆனால் வழக்கம்போல் முட்டி மோதி வரவில்லை. கல்லில் ஒரு தடவை உரசியதுபோல் இருந்தது. திரும்பும்போது பட்டதோ என்னவோ, சத்தியம் செய்ய மாட்டேன். மூச்சு சாதாரணமாக இருக்கிறது. இது வியாதியாகவும் இருக்கலாம், எங்கோ இடித்துக்கொண்ட தழும்பாகவும் இருக்கலாம். தழும்புதான் என்றால் ஞாயிற்றுக்கிழமை அவனை நானே பையில் பிடித்துக் கொடுக்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். வியாதி என்றால் மரி கொஞ்ச நாள் இங்கே இருக்க வேண்டியிருக்கும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று நீ புனேவிலிருந்து சொல். நீ சொன்னதுக்கு மேல் ஒரு சொட்டு போட மாட்டேன்.

கடிதத்தைத் தொட்டி மூடிமேல் வைக்கிறேன். பக்கத்தில் டார்ச் இருக்கிறது. நேராக அடிக்காதே, கண்ணாடி மினுங்கும். பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடித்தால் புள்ளி எடுப்பாகத் தெரியும். அவசரப்படாமல், அவன் திரும்பும் வரைக்கும் உட்கார்ந்து பார். பார்த்துவிட்டு என்னை எழுப்பு. தூங்கியிருக்க மாட்டேன்.

அம்மா